வாடை விடும்வரை

ஜனவரி 25, 2025, சனி (தை 12). தேவகோட்டை, தொண்டி

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கடல் எங்கள் தெருவுக்குக் காலை பத்து மணிக்கு வரும். டிவிஎஸ் 50 வண்டியின் பின்னால் கட்டிய ஐஸ் பெட்டியில் வரும். மீன்கார அண்ணன் ஹாரனை மூன்று தடவை அமுக்குவார். அப்பத்தா சட்டியோடு திண்ணைக்குப் போய்ச் செவுளைத் தூக்கிப் பார்த்து, "இது நேத்தைய மீனப்பா" என்பார். அதோடு விலை இறங்கிவிடும்.

அந்த மீன் அத்தனையும் தொண்டியிலிருந்து வந்தது. தேவகோட்டையிலிருந்து திருவாடானை வழியாக ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். இருந்தும் பள்ளி முடிக்கும்வரை நான் அந்தக் கடலைப் பார்த்தது இரண்டே முறை. இரண்டும் அமாவாசைக் குளியலுக்கு. மீனைச் சட்டியில்தான் தெரியும். தண்ணீருக்குள் அது எங்கே நிற்கும், எந்தக் காற்றில் இரை எடுக்கும் என்று ஒன்றும் தெரியாது. 43 வயதில் அது உறுத்தத் தொடங்கியதால்தான் இந்த ஐந்து நாள்.

வந்திருப்பது மூன்று பேர். திருச்சியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார், ஆத்தங்குடியில் டைல்ஸ் போடும் மாப்ள, நான். நாலாவது ஆள் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பதாக மாலை போட்டுவிட்டான். மீன் வாடையே ஆகாது என்று கும்பிட்டு வழியனுப்பினான். தெருவில் பாதி வீடு அப்படித்தான் இருக்கிறது. தை மாதம் முழுக்கச் செட்டிநாட்டில் மீன் வியாபாரம் கொஞ்சம் படுத்துத்தான் கிடக்கும் என்று மீன்கார அண்ணனும் சொன்னார். அவரேதான் நம்புதாளையில் தனக்குத் தெரிந்த படகுக்காரர் ஒருவரிடம் எங்களைச் சேர்த்துவிட்டவர்.

கொச்சியில் கிளம்பி மூணாறு, மதுரை, சிவகங்கை வழியாக வரும் 85ஆம் எண் நெடுஞ்சாலை தொண்டியில் வந்து முடிகிறது. ஒரு கடலில் புறப்பட்டு இன்னொரு கடலில் முடிகிற ரோடு அது. அதன் கடைசித் துண்டில் போகும்போது கருவேலங்காடும் உப்பங்காற்றும் சேர்ந்து வருகின்றன. காலை ஏழரைக்குக் கரையில் இறங்கியதுமே வேட்டி படபடவென்று அடித்தது. கடல் பாலும் சேறும் கலந்த நிறத்தில் கலங்கிக் கிடந்தது.

படகுக்காரருக்கு அறுபது இருக்கும். எங்களைப் பார்த்ததும், "வாங்க தம்பி" என்றார். கடலைப் பார்த்ததும், "இன்னைக்கி வேணாம்" என்றார்.

வடகிழக்கிலிருந்து அடிக்கிற வாடைக்காற்று. ஐப்பசியில் ஆரம்பித்தால் தை வரை இந்தப் பக்கத்துக் கடல் அதன் கையில்தான். "வாடை விட்டாத்தான் தண்ணி தெளியும். தண்ணி தெளிஞ்சாத்தான் மீனுக்கு இரை கண்ணுல படும்" என்றார். அதோடு இன்று சனிக்கிழமை. பாக் விரிகுடாவில் திங்கள், புதன், சனி விசைப்படகுகளின் நாள். மற்ற நாலு நாளும் நாட்டுப்படகுக்கு. ஒருவர் வலையை இன்னொருவர் அறுத்துவிடாமல் இருக்கப் போட்ட ஏற்பாடு.

வந்ததற்குக் கரையில் நின்றாவது போட்டுப் பார்ப்போம் என்று தூண்டிலை எடுத்தோம். பையில் இருந்தது புதிதாக வாங்கிய தங்கூசி என்கிற நைலான் நூல். கடையில் வெயிலில் எத்தனை மாதம் தொங்கியதோ, இரண்டாவது வீச்சிலேயே ஈயக்குண்டோடு அறுந்து போயிற்று. மூன்று பேர் நூலும் அப்படியே. 380 ரூபாயும் போய், காலையும் போயிற்று. கோபம் வந்தது. அடுத்தவன் ஒரு நாள் ஆசையை நம்பி வாங்கும் பொருள் அது. விற்கிறவர் ஒரு முழம் இழுத்துப் பார்த்துவிட்டுத் தர வேண்டாமா?

படகுக்காரர் தன் வீட்டிலிருந்து ஒரு கட்டை கொண்டுவந்தார். அதில் சுற்றியிருந்த நூலை விரலில் மாட்டிச் சுண்டிக் காட்டினார். "நூலு பாடணும் தம்பி. பாடாத நூலு செத்த நூலு." அந்த நூலில் மதியம் வரை எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பேத்தை. கரையில் போட்டதும் பந்து மாதிரி ஊதிக்கொண்டது. மாப்ள தொடப் போனான். "அதுல கை வைக்காதீக, விஷம். திங்கவும் கூடாது" என்று சொல்லி அவரே காலால் தண்ணீருக்குள் தள்ளிவிட்டார்.

தொண்டியில் புரோட்டாவும் சால்னாவும். மூன்று பேருக்கு 240 ரூபாய். கடைக்காரர் எங்கள் நனைந்த வேட்டியைப் பார்த்து, கேட்காமலே இரண்டாம் தடவை சூடாகச் சால்னா ஊற்றினார்.

ஜனவரி 26, ஞாயிறு. நம்புதாளைக் கடல்

அதிகாலை மூன்றேகாலுக்கு போன். "காத்து படுத்துருச்சு. வெரசா வாங்க."

இந்த வருஷம் பனி லேசுதான். தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். எங்களுக்கு ஒரு துண்டே போதுமாக இருந்தது. திருவாடானையில் கோயில் கோபுரம் இருட்டில் நிற்க, அதன் எதிரில் டீ. ஒன்று 12 ரூபாய். இஞ்சி தட்டிப் போட்டது. நாள் முழுக்க அந்தச் சூடு தொண்டையில் இருந்தது.

ஐந்தேகாலுக்குப் படகேறினோம். பைபர் வள்ளம், சின்ன எஞ்சின், அவரும் அவர் மருமகனும். ஏறும்போது எல்லோருமே கடல்தண்ணீரைத் தொட்டு நெற்றியில் வைத்தார்கள். நாங்களும் வைத்தோம். மிதவைச் சட்டை போட்டுக்கொண்டால்தான் எஞ்சினைக் கிளப்புவேன் என்று நின்றார். அதை நான் மரியாதையாக எடுத்துக்கொண்டேன்.

பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். மணிக்கணக்கில் போனாலும் தென்னை மரத்து உயரத்துக்குக்கூட ஆழம் வராது. நாங்கள் போனதோ கரை விளக்குகள் கண்ணுக்குத் தெரியும் தூரம்தான். "மூணு பாகம்" என்றார் மருமகன், கயிற்றை விட்டுப் பார்த்து. ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த அளவு. கரையிலிருந்து மூன்று கடல்மைல் வரை நாட்டுப்படகுக்கு என்று 1983ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கியிருக்கிறது. அந்த மூன்று மைல்தான் இவர் குடும்பத்துக்குச் சோறு. விசைப்படகுகளின் இழுவைமடி வலை ராத்திரியில் அதற்குள்ளும் வந்து அடியைச் சுரண்டிவிட்டுப் போகிறது என்றார். குரலை உயர்த்தவில்லை. நேற்று மழை பெய்தது என்கிற மாதிரி சொன்னார்.

முதலில், முந்தின நாள் சாயங்காலம் போட்டு வைத்த நண்டு வலை. ஓலக்கால் நண்டு ஒவ்வொன்றாக நீலக் காலை விரித்துக்கொண்டு ஏறியது. வயிற்றில் மஞ்சளாகச் சினை ஒட்டியிருந்த இரண்டை அவர் பிரித்துக் கடலில் விட்டார். "எடுத்தா எடைக்கு எடை காசுதான். எடுக்கக்கூடாது." வலையில் நாடா போல நீளமான பச்சை இலைகளும் சிக்கியிருந்தன. கடல்தாழை. இந்தக் கடலின் அடியில் அது வயல் மாதிரிப் பரந்து கிடக்கிறது. ஓரா மீன் அதில்தான் மேயும், நண்டுக் குஞ்சு அதில்தான் ஒளியும். கடற்பசுவுக்கும் அதுதான் தீனி. கடற்பசுவை இங்கே ஆவுளியா என்கிறார்கள். அவருடைய அப்பா அதை அடிக்கடி பார்த்தாராம். இவர் பார்த்தது வாழ்நாளில் நாலு தடவை. வடக்கே புதுக்கோட்டை, தஞ்சாவூர்க் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக 2022இல் தமிழக அரசு அறிவித்தது. நாட்டிலேயே முதல்முறை. வாத்தியார் அதைச் சொன்னதும் பெரியவர், "நல்லதுதான். தாழை இருந்தா எல்லாம் இருக்கும்" என்றார்.

ஆறரை மணிக்குக் கிழக்கு சிவந்தபோது நங்கூரம் போட்டுத் தூண்டிலை இறக்கினோம். தடி கிடையாது. கையில் நூல் மட்டும். நுனியில் ஈயக்குண்டு, அதற்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு இரண்டு தூண்டில் முள். இரைக்கு உரித்த இறாலை விரல்நகம் அளவு நறுக்கி, முள்ளின் கூர் மட்டும் தெரியும்படி மாட்ட வேண்டும். பெரிசாக மாட்டினால் கிழங்கான் ஓரத்தைக் கடித்துவிட்டுப் போய்விடும். அதற்கு வாய் சின்னது. மணலடியில் மூக்கால் கிளறி மேய்கிற மீன். ஈயம் தரையைத் தொட்டதும் ஒரு முழம் இழுத்துவிட்டு, நூலை ஆள்காட்டி விரலின் மேல் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

எனக்கு அரை மணி நேரம் ஒன்றுமே தெரியவில்லை. அலை ஆட்டுவதும் மீன் தொடுவதும் ஒரே மாதிரி இருந்தன. மாப்ளைக்கு ஐந்தாவது நிமிஷத்திலேயே பிடிபட்டுவிட்டது. டைல்ஸுக்காகக் கண்ணாடியின் மேல் சாயக் கலவையைக் கரண்டியால் ஊற்றிப் பூ வரையும் கை அது. கொஞ்சம் அழுத்தினால் நிறம் கலங்கிவிடும் என்று இருபது வருஷமாகப் பழகிய விரல். "மச்சான், அலை தள்ளும். மீன் தட்டும். ரெண்டு தட்டு தட்டும்" என்றான். கண்ணை மூடிக்கொண்டேன். மூடியபிறகுதான் வந்தது. டொக், டொக். யாரோ அடுத்த அறையிலிருந்து சுவரைத் தட்டுகிற மாதிரி. சுண்டினேன். நூல் கனத்தது.

வெள்ளிக் கம்பி மாதிரி ஒரு கிழங்கான். ஒரு சாண் நீளம். வெயில் பட்டபோது முதுகில் மணல் நிறமும் வயிற்றில் பால் நிறமுமாக மின்னியது. இந்த மீனை நான் எத்தனை நூறு தடவை தின்றிருப்பேன்! உயிரோடு இப்போதுதான் பார்க்கிறேன். கை நடுங்கியது. பெரியவர் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "மொத மீனு. கும்பிட்டுக்கங்க" என்றார்.

அதற்குப் பிறகு பேச்சே இல்லை. ஒன்பது மணி வரை கிழங்கான் மட்டும் 31. கூடவே நகரை ஆறு, கொஞ்சம் காரல், ஒரு முரல். பிறகு தாழை அடர்ந்த பக்கமாகப் படகை நகர்த்தினார். அங்கேதான் வாத்தியாரின் நூலில் ஓரா ஏறியது. பச்சையும் பழுப்புமாகப் புள்ளி போட்ட, உள்ளங்கை அகல மீன். பெரியவர் "தொடாதீக!" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் வாத்தியார் அதைக் கையால் பிடித்துவிட்டார். முதுகு முள் கட்டைவிரலில் ஆழமாக இறங்கிவிட்டது.

ஓராவின் முள்ளில் விஷம் உண்டு. உயிரை எடுக்காது, ஆனால் வலி அப்படி ஒரு வலி. இரண்டே நிமிஷத்தில் வாத்தியாரின் முகம் வெளுத்து, வேர்த்து, தோள் வரை இழுக்கிறது என்றார். பெரியவர் பதறவில்லை. முள் உள்ளே முறிந்திருக்கிறதா என்று பார்த்தார். பிளாஸ்கில் இருந்த கடுங்காப்பியைக் கிண்ணத்தில் ஊற்றி, தன் விரலை விட்டுச் சூடு பார்த்துவிட்டு, வாத்தியாரின் கட்டைவிரலை அதற்குள் வைத்தார். "சூடுதான் மருந்து. பொறுக்குற சூடு. வெந்துறக்கூடாது." மருமகன் அதற்குள் நங்கூரத்தைத் தூக்கிவிட்டான்.

கரையில் அவர் மனைவி அடுப்பில் தண்ணீர் வைத்திருந்தார். போனில் சொல்லியிருப்பார்கள் போல. ஆறும்போதெல்லாம் மாற்றி மாற்றி ஊற்றி, ஒரு மணி நேரம் வாத்தியார் அந்தச் சட்டிக்குள் கையை விட்டபடி உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா விசிறியால் வீசிக்கொண்டே இருந்தார். வலி இறங்க இறங்க வாத்தியாருக்குப் பாடமே வந்துவிட்டது. அந்த விஷம் ஒரு புரதம், வெப்பத்தில் கட்டமைப்புக் குலைந்துவிடும், முட்டை வெள்ளைக்கரு வேகிற மாதிரி என்றார். அந்த அம்மா, "எங்க மாமியா சொல்லிக்குடுத்தது" என்றார். இரண்டும் ஒன்றுதான். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் முள் துணுக்கு இல்லை என்று உறுதி பண்ணி, டெட்டனஸ் தடுப்பூசியும் போட்டுக்கொண்டு வந்தோம்.

டீசலுக்கும் ஒரு காலை வேலைக்குமாக 2,000 ரூபாய் கொடுத்தோம். அவர் 500 ரூபாயைத் திருப்பித் தந்தார். "ஆளுக்கு அடிபட்டுப்போச்சே" என்றார். எவ்வளவு சொல்லியும் வாங்கவில்லை. கரையில் கிழங்கான் கிலோ 300 ரூபாய்க்கு எடுக்கிறார்கள். நேற்று தேவகோட்டையில் 450 சொன்னார்கள். நடுவில் இருக்கிற 150இல் ஐஸ், வண்டி, மீன்கார அண்ணன், முன்பணம் கொடுத்து வைத்திருக்கும் ஏலக்காரர் எல்லோரும் இருக்கிறார்கள். அந்த முன்பணம் இருக்கும்வரை இவர் மீனுக்கு இவர் விலை சொல்ல முடியாது.

ஜனவரி 27, திங்கள். தேவகோட்டை

இன்று விசைப்படகு நாள். வாத்தியாருக்கும் ஓய்வு. கட்டைவிரல் வீக்கம் பாதி வற்றிவிட்டது.

நேற்று ராத்திரி அப்பத்தா மீன் பையைத் திறந்தார். ஒரு கிழங்கானை எடுத்துச் செவுளைத் தூக்கினார். எதுவும் சொல்லாமல் கீழே வைத்தார். அடுத்ததை எடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "இப்புடி மீனு எனக்கு இதுநா வரைக்கும் வந்ததில்லையே அப்பச்சி" என்றார். அறுபது வருஷமாக இரண்டாம் நாள் மீனை முதல் நாள் மீன் போலச் சமைத்தவர்.

குழம்பை ராத்திரியே வைத்துவிட்டு இன்று காலைதான் எடுத்தார். மீன் குழம்பு ஒரு ராத்திரி மண்சட்டியில் உறங்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் சட்டம். நல்லெண்ணெயில் வெந்தயம், சோம்பு, உரித்த சின்ன வெங்காயம் முழுசாக, பூண்டு அதற்குச் சமமாக. அம்மியில் மிளகாயும் மல்லியும். புளி பழசு. கிழங்கானுக்கு மசாலா குறைவாகத்தான் போட வேண்டுமாம். "அது வாயில்லாப் பூச்சி. அது மேல ஏறி உக்காரக்கூடாது." கல்பாசி, அன்னாசிப்பூ எல்லாம் கறிக்குத்தான். செட்டிநாட்டுச் சமையல் என்று பெயர்ப்பலகை போட்டு எல்லாவற்றிலும் அவற்றை அள்ளிப் போடும் கடைகளை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்தக் கைப்பக்குவத்தில் பாதி, எதைப் போடாமல் விடுவது என்பதுதான். நண்டுக்கு ரசம் வைத்தார். மிளகும் சீரகமும் தட்டி, கால்களையெல்லாம் நசுக்கிப் போட்டு. மூக்கில் நீர் வந்தது. காரலை மட்டும் எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். அங்கே பிள்ளை பெற்ற பெண் இருக்கிறாள், பால் ஊறும் என்று.

இடியாப்பமும் குழம்பும் சாப்பிட்டுவிட்டு வளவில் (நடுமுற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில்) தூணுக்குத் தூண் ஆள் சாய்ந்து கிடந்தோம். மாப்ள தரையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தாத்தா காலத்து டைல்ஸ். தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் இன்றும் முகம் தெரிகிறது. வாத்தியார் திடீரென்று கேட்டார்: "கடலே இல்லாத ஊர்ல ஏன் வீட்டை இவ்வளவு உயரத்துல கட்டியிருக்காங்க?"

அப்பத்தாதான் பதில் சொன்னார். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டபோது நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) அங்கிருந்து தெற்கே வந்தார்கள் என்பது வழிவழியாக வரும் கதை. இளையாற்றங்குடியில் தொடங்கி ஒன்பது கோயில்களைச் சேர்ந்த பிரிவுகளாகப் பிரிந்தார்கள். தண்ணீர் பயம் போகாமல்தான் ஏழு படி ஏறி வாசல் வைத்தார்கள் என்று அவர் மாமியார் சொல்வாராம். அதே ஆட்கள்தான் பிறகு கப்பலேறிப் பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் போனார்கள். நாங்கள் சாய்ந்திருந்த தூணும் பர்மாத் தேக்குதான். ஐயாவின் (தாத்தாவின்) அப்பா ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் பண்ணப் போனவர்.

"நீங்க கப்பல் பாத்திருக்கீங்களா அப்பத்தா?" என்றேன்.

"நான் எங்கிட்டுப் பாத்தேன்? போனவுகளை வாசல்ல நின்னு பாத்ததுதான்."

நாளை மறுநாள் தை அமாவாசை. கடலுக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன். உடனே சம்மதிக்கவில்லை. மூட்டுவலி, கூட்டம், வண்டி என்று மூன்று காரணம் சொன்னார். சாயங்காலம் பார்த்தால் பெட்டியைத் திறந்து நூல் சேலையை வெயிலில் போட்டிருந்தார்.

ஜனவரி 28, செவ்வாய். காரங்காடு

தொண்டிக்குத் தெற்கே காரங்காடு. செங்கோல் மாதா கோயில் இருக்கும் மீனவ ஊர். வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்தும் படகில் அலையாத்திக் காட்டுக்குள் போய் வந்தோம். சேற்றிலிருந்து பென்சில் நட்டது போல ஆயிரமாயிரம் மூச்சு வேர்கள். தண்ணீர் அவ்வளவு அமைதி. வாடையின் சத்தம் மரங்களுக்கு வெளியே நின்றுவிடுகிறது. ஆலாப் பறவை ஒன்று தலைகீழாக விழுந்து மீனோடு எழுந்தது. துடுப்புப் போட்ட பெண் எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டுவிட்டு, "செட்டிநாட்டுக்காரவுகளா? நல்லாச் சமைப்பீக, மீனு பேருதான் தப்பாச் சொல்லுவீக" என்றார். உண்மைதான். நான் ஊளியைச் சீலா என்று சொல்லியிருந்தேன்.

காட்டை விட்டு வெளியே வந்து, உள்ளூர்ப் பையன்கள் போடும் இடத்தில் தூண்டில் போட்டோம். உயிர் இறாலுக்கு ஒரு கொடுவா வந்தது. நூல் விரலை அறுத்துக்கொண்டு ஓடியது. மூன்று கிலோவாவது இருக்கும். மேலே எம்பித் தலையை இரண்டு பக்கமும் உதறியது. முள் தெறித்து என் மடியில் வந்து விழுந்தது. அவ்வளவுதான். பத்து எண்ணும் நேரம்கூட இருக்காது. எனக்கு அழுகை வரும் போல இருந்தது.

பக்கத்தில் நின்ற பையன் ஆறுதல் சொன்னான். "பெருசுன்னா அது பொட்டையா இருக்கும்ணே. போகட்டும்." கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து, பெரிதான பிறகு பெண்ணாக மாறும் மீன். அத்தனை பெரியது என்றால் முட்டை போடுகிற தாயாகவும் இருக்கலாம். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை அதைச் சொல்லிவிட்டுத் தன் தூண்டிலைப் பார்க்கப் போனான். அதற்குப் பிறகு நான் வீசவில்லை. மாப்ள இரண்டு மடவை மீன் பிடித்தான், கரையில் நின்ற ஒரு பாட்டிக்குக் கொடுத்தான்.

திரும்பும் வழியில் பஞ்சர். சாலையோரத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து ஜாக்கி போட்டுக் கொடுத்தார். காசு வேண்டாம், ஒரு வெற்றிலை இருக்கிறதா என்றார். எங்களிடம் இல்லை.

ஜனவரி 29, புதன் (தை அமாவாசை). தேவிபட்டினம், நம்புதாளை

நாலரைக்குக் கிளம்பினோம். அப்பத்தா முன்சீட்டில், மடியில் ஒரு மஞ்சள் பை. அதை யாரையும் தூக்க விடவில்லை.

தேவிபட்டினத்தில் கடலுக்குள் ஒன்பது கற்கள் நிற்கின்றன. ராமர் நவக்கிரகங்களை வைத்து வணங்கிய இடம் என்பது நம்பிக்கை. அமாவாசைக் கூட்டம் நெருக்கித் தள்ளியது. அப்பாவுக்கும் ஐயாவுக்கும் எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். அப்பத்தாவால் அந்தக் கூட்டத்துக்குள் இறங்க முடியவில்லை. படியிலேயே உட்கார்ந்து, நான் சொம்பில் கொண்டுவந்த தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டார். போதும் என்றார். எனக்குப் போதவில்லை.

வடக்கே நம்புதாளைக்கு வண்டியை விட்டேன். புதன்கிழமை. நாட்டுப்படகெல்லாம் கரையில் ஏறிக் கிடந்தது. மணலில் ஆளே இல்லை. பெரியவரும் அவர் மனைவியும் வந்து நின்றார்கள். "வாங்க ஆச்சி" என்று இரண்டு பக்கமும் கை கொடுத்து இறக்கினார்கள்.

அமாவாசை ஓதம் ஏறிக்கொண்டிருந்தது. இந்தக் கடலில் ஏற்றம் இறக்கம் எல்லாம் ஒரு மீட்டருக்குள்தான், ஆனாலும் தெரிகிறது. அலை என்று பெரிதாக இல்லை, தண்ணீர் நடந்து வருகிற மாதிரி வந்தது. அப்பத்தா கணுக்கால் வரை நின்றார். பிறகு முழங்கால் வரை. சேலை நனைவதை அவர் கவனிக்கவில்லை. கிழக்கே பார்த்து வெகுநேரம் நின்றார்.

"அங்கிட்டு என்னா இருக்கு?" என்று கேட்டார்.

"இலங்கை, ஆச்சி" என்றார் பெரியவர்.

"பர்மா?"

பெரியவர் கையை இடது பக்கமாக வெகுதூரத்துக்கு நீட்டினார். "அங்கிட்டு. ரொம்பத் தொலைவு."

அப்பத்தா அந்தப் பக்கமாகத் திரும்பி நின்று கும்பிட்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுத் திண்ணையில் இரண்டு பெண்களும் ஒரு மணி நேரம் பேசினார்கள். முழுக்க மீன் பேச்சு. எந்த மாசத்தில் நகரைக்குச் சினை, எந்தக் காற்றில் கணவாய் வரும் என்று அந்த அம்மா சொன்னார். கச்சான் அடித்தால் ஒன்று, கொண்டல் அடித்தால் ஒன்று. அப்பத்தா ஒவ்வொன்றுக்கும் குழம்பு சொன்னார். சுறாவுக்குப் புட்டு, திருக்கைக்குப் பூண்டு இரட்டிப்பு, ஓராவுக்குப் புளி தூக்கலாக. ஓரா என்றதும் வாத்தியார் கட்டைவிரலைக் காட்டினார். அந்த அம்மா தடவிப் பார்த்து, "வத்திருச்சு" என்றார். நாங்கள் மூன்று பேரும் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தோம். தண்ணீருக்கு உள்ளே இருப்பதை ஒருவர் சொல்கிறார், வெளியே வந்த பிறகு உள்ளதை இன்னொருவர் சொல்கிறார். இத்தனை வருஷமும் நடுவில் ஒரு ஐஸ் பெட்டி மட்டும்தான் போய்வந்துகொண்டிருந்திருக்கிறது.

கிளம்பும்போது அப்பத்தா மஞ்சள் பையைப் பிரித்தார். உள்ளே அவர் திரித்த குழம்புப் பொடி அரைக்கிலோ, ஒரு டப்பா தேன்குழல், ஒரு டப்பா சீப்புச் சீடை. அந்த அம்மா பதிலுக்கு உள்ளே போய்ச் செய்தித்தாளில் கட்டிய ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். கிழங்கான் கருவாடு, அவர் கையால் காயப்போட்டது. கொடுக்கப் போனவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். "ஐயோ, அமாவாசை. தொட மாட்டீகளே."

"பையில போடும்மா. நாளைக்கிப் பிரிச்சுக்கிறேன்" என்றார் அப்பத்தா.

வீடு வரும் வரை அவர் தூங்கவில்லை. இப்போது ராத்திரி ஒன்பது மணி. பை வளவில் இரண்டாவது தூணின் ஆணியில், பூனைக்கு எட்டாத உயரத்தில் தொங்குகிறது. வெயிலில் போட வேண்டிய ஈரச் சேலையை அப்பத்தா தன் கட்டில் சட்டத்திலேயே விரித்துவிட்டார். தரையில் கொஞ்சம் மணல் உதிர்ந்திருக்கிறது. மாப்ள துடைக்கப் போனான், வேண்டாம் என்றார்.

சற்று முன் பெரியவரிடமிருந்து போன். "வாடை திரும்ப ஏறுது தம்பி. இந்த வாரம் கடல் கெடையாது. மாசி பொறக்கட்டும், சொல்லிவுடுறேன். ஆச்சி வீடு போய்ச் சேந்தாகளா?"

சேர்ந்துவிட்டார்கள் என்றேன்.